'எவரெஸ்ட்' பார்த்துவிட்டுப் புயலை மட்டும் திட்டாதீர்கள்

2015இல் வெளிவந்த 'எவரெஸ்ட்' படத்தைப் பார்த்தவர்களிடம் அத்தனை பேர் ஏன் செத்தார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: பனிப்புயல். இயக்குநர் பல்டாசர் கோர்மாக்குர் அந்தப் புயலை எடுத்திருக்கும் விதம் அப்படி. ஆனால் படம் சொல்லும் அந்த நிஜ விபத்தில், 1996 மே 10 அன்று எவரெஸ்ட் மலையில் நடந்தது என்ன என்று புரிய வேண்டுமானால், முதலில் கைவிட வேண்டியது இந்தப் பதிலைத்தான்.

படத்தை இன்னொரு முறை பார்ப்பதாக இருந்தால் வானத்தை விட்டுவிட்டுக் கடிகாரத்தைக் கவனியுங்கள். பணம் வாங்கிக்கொண்டு ஆட்களை மலையேற்றிவிடும் வழிகாட்டிகளான நியூசிலாந்தின் ராப் ஹால், அமெரிக்காவின் ஸ்காட் ஃபிஷர் இருவருடைய குழுக்களும் நள்ளிரவையொட்டி, உச்சிக்கு முந்தைய கடைசி முகாமான சவுத் கோலிலிருந்து கிளம்பின. மதியம் ஒரு மணி, மிஞ்சிப்போனால் இரண்டு மணி. அதற்குள் 8,848 மீட்டர் உச்சியைத் தொடாதவர்கள் நின்ற இடத்திலிருந்தே திரும்பிவிட வேண்டும் என்பதுதான் பேச்சு. வழியில் முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டிய கயிறுகள் கட்டப்படவில்லை. வழியில் பால்கனி என்று சொல்லப்படும் மேடை போன்ற இடத்துக்கு மேலே கொஞ்ச நேரம், அப்புறம் உச்சிக்குச் சற்றுக் கீழே ஹிலாரி ஸ்டெப் என்ற செங்குத்துப் பாறையில் கொஞ்ச நேரம் என்று எல்லோரும் வரிசையில் நின்றார்கள். ஹாலின் குழுவிலிருந்த தபால் ஊழியர் டக் ஹான்சன் உச்சிக்கு வந்து சேர்ந்தபோது மணி நான்கு ஆகிவிட்டது. அதுவரை ஹால் அவருக்காக மேலேயே காத்திருந்தார். முந்தைய வருடம் உச்சிக்குப் பக்கத்தில் வந்த ஹான்சனைத் திருப்பி அனுப்பியவரும், மறுபடி வா என்று கூப்பிட்டவரும் இதே ஹால்தான். அந்த மனிதரிடம் இரண்டாவது முறையும் 'வேண்டாம், இறங்கு' என்று சொல்ல வாய் வருமா? புயலைவிட இந்தக் கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதே குழுவில் ஸ்டூவர்ட் ஹட்சிசன், ஜான் டாஸ்கே, லூ கசிஷ்கி என்று மூன்று பேர் காலை பதினொன்றரை மணிவாக்கிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். இந்த வரிசையில் நின்றால் நேரத்துக்குள் ஏற முடியாது என்று தெரிந்ததும் திரும்பிவிட்டார்கள். பிழைத்தும் கொண்டார்கள். படம் இவர்கள்மேல் அதிக நேரம் நிற்பதில்லை. திரும்பி நடப்பதைப் பரபரப்பாக எடுப்பது கஷ்டம், என்ன செய்ய!

அடுத்த தவறு, வில்லனைத் தேடுவது. ஃபிஷர் குழுவின் வழிகாட்டி அனடோலி பூக்ரீவ் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் ஏறினார். தன் குழுவினருக்கு முன்பாகவே முகாமுக்கு இறங்கியும் விட்டார். இதற்காக அவரைக் கடுமையாக விமர்சித்தவர், ஹாலின் குழுவோடு ஏறிய பத்திரிகையாளர் ஜான் கிராக்கவர். ஆனால் அன்று இரவு புயலுக்குள் தனியாகப் போய் மூன்று பேரை உயிரோடு மீட்டு வந்தவரும் இதே பூக்ரீவ்தான். இரண்டும் உண்மை. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைத் தள்ளினால் பாதிக் கதைதான் மிஞ்சும்.

'இவ்வளவு அனுபவம் இருந்தும் இப்படியா முட்டாள்தனமாக நடப்பார்கள்?' என்று சோபாவில் சாய்ந்துகொண்டு கேட்பது சுலபம். அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். ஹாலின் குழு வழிகாட்டி ஆண்டி ஹாரிஸ், நிறைந்திருந்த சிலிண்டர்களைக் காலி என்று அடித்துச் சொன்னார். கிராக்கவரோ இறங்கும் வழியில் ஹாரிஸைப் பார்த்ததாக நம்பி, அப்படியே எழுதியும் விட்டார். அவர் பார்த்தது வேறொருவரை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. நேரில் பார்த்தவர் சாட்சியத்துக்கே இந்தக் கதி.

படத்தில் வரும் வசனமும் காட்சியும் அப்படியே நடந்தவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் இதனால்தான். சாகும் நிலையில் ஹால் நியூசிலாந்திலிருந்த மனைவியோடு பேசியது உண்மை. ரேடியோவையும் சாட்டிலைட் போனையும் இணைத்துப் பேச வைத்தார்கள். ஆனால் ஹான்சனும் ஹாரிஸும் எப்படி இறந்தார்கள் என்று படம் காட்டுவது கற்பனை. அதைப் பார்த்துவிட்டு உயிரோடு திரும்பியவர் யாரும் இல்லை. மீட்கப் போகலாம் என்று கூடாரத்துக்குள் பூக்ரீவ் கேட்க, கிராக்கவர் மறுக்கும் காட்சியும் அப்படித்தான்; அது நடக்கவே இல்லை என்று கிராக்கவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

நம் ஊரில் எழுதுகிறவர்களே செய்யும் ஒரு தவறும் உண்டு: பலி எண்ணிக்கையை ஐந்து என்று போடுவது. அது நேபாளப் பக்கத்துக் கணக்கு மட்டும். அதே புயலில் திபெத் பக்கம், வடகிழக்கு முகட்டில், இந்திய-திபெத் எல்லைக் காவல் படையைச் சேர்ந்த சேவாங் சமன்லா, சேவாங் பல்ஜோர், டோர்ஜே மோருப் ஆகிய மூன்று லடாக் வீரர்களும் இறந்தார்கள். மொத்தம் எட்டு. உச்சியைத் தொட்டுவிட்டதாக இந்த லடாக் வீரர்கள் ரேடியோவில் சொன்னார்கள். மேகமூட்டத்தில் சற்றுக் கீழேயே நின்றிருக்கலாம் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. படம் இந்த மூவரின் பக்கம் திரும்பவே இல்லை.

எவரெஸ்டிலேயே மோசமான நாள் இதுதான் என்றும் எழுதாதீர்கள். 2014 ஏப்ரல் 18 அன்று கும்பு பனியருவியில் விழுந்த ஒரே பனிச்சரிவில் நேபாளத் தொழிலாளிகள் 16 பேர் இறந்தார்கள்.

படத்தைத் தேடும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். 'எவரெஸ்ட்' என்ற இதே பெயரில் 1998இல் ஓர் ஐமாக்ஸ் ஆவணப்படமும் வந்தது. அதை எடுத்த டேவிட் பிரஷியர்ஸின் குழு அந்த மே மாதம் மலையிலேயே இருந்தது. தங்கள் ஆக்சிஜன் சிலிண்டர்களை மீட்புக்குக் கொடுத்தது, ஹாலின் குழுவில் ஏறிக் கை விறைத்துப்போன பெக் வெதர்ஸைக் கீழே இறக்கவும் உதவியது. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் அந்த ஆவணப்படத்தைத்தான் சொல்வேன்.