தினம் ஒரு படம், 30 நாள்: எப்படி ஆரம்பிக்கறது
தினமும் பெயின்ட் பண்ணணும்னு ஆசைப்படுறவங்க முதல்ல பேப்பர போஸ்ட்கார்டு சைஸுக்கு வெட்டிக்கோங்க, பெருசா வச்சா நாலாவது நாளே நின்னுடும். நம்ம சிங்கப்பூர் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் போய் 300 ஜிஎஸ்எம் (பேப்பர் எவ்வளவு கனம்னு சொல்ற அளவு) வாட்டர்கலர் பேப்பர் வாங்குங்க, இதுல மட்டும் காசு பாக்காதீங்க ப்ளீஸ், மெல்லிசு பேப்பர் தண்ணி பட்டா சுருண்டுக்கும். கலர் மூணு போதும்: நீலம், மஞ்சள், சிவப்பு.

எதை வரையறதுன்னு முந்தின ராத்திரியே முடிவு பண்ணிடுங்க. தேக்கா மார்க்கெட் வாழைப்பூ, கோப்பிக்கடை தே தாரிக் (ஆத்தின பால் டீ) கிளாஸ், லிட்டில் இந்தியால 1900ல கட்டின டான் டெங் நியா வீடு (கலர் கலரான பழைய சீன வீடு), அந்த ஜன்னல் கலருங்களே ஒரு வாரத்துக்கு வரும்! நம்ம ஊரு ஈரக்காத்துல பெயின்ட் சீக்கிரம் காயாது, ஃபேனுக்கு கீழ வச்சு நல்லா காஞ்சதும்தான் அடுத்த கலர், இல்லாட்டி எல்லாம் கலங்கிடும்.

ஒரு நாள் விட்டுப்போச்சா, மறுநாள் ரெண்டா போடாதீங்க, ஒண்ணே போடுங்க.