வீட்டு நாட்களை எழுதி வைக்கும் அம்மாக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்ணீர் லாரிக்கு என் மகன் ஒரு பேர் வைத்திருந்தான். அப்போது அவனுக்கு இரண்டரை வயது. தெருமுனையில் ஹாரன் கேட்டதும் அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டே வாசலுக்கு ஓடுவான். குடத்தைத் தூக்கிக்கொண்டு நாங்கள் பின்னால் ஓடுவோம். ஒரு மாதத்துக்கு மேல் வீடே லாரியை அந்தப் பேரில்தான் கூப்பிட்டது. அவன் அக்கா, அப்பா, ஆச்சி, எல்லோரும்தான். இன்று எங்களில் ஒருவருக்கும் அது நினைவில்லை. ஐந்து பேரும் உட்கார்ந்து யோசித்துப் பார்த்துவிட்டோம். வரவில்லை.

பெரும்பாலானவர்களுக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தைய நாட்கள் ஞாபகத்தில் தங்குவதில்லை. அந்த வயதில் பிள்ளை என்ன பேசியது, எதற்குப் பயந்தது, யார் மடியில் தூங்கியது என்பதெல்லாம் பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அவர்களும் மறந்துவிட்டால் அந்த நாட்கள் போனது போனதுதான். பெரியவள் பிறந்த 2011 முதல் நான் வீட்டு நாட்களை எழுதி வருகிறேன். இவ்வளவு சந்தோஷம் தருகிற வேறொரு வேலை எனக்கு வாய்க்கவில்லை. செய்த தவறுகளும் நிறைய. தூத்துக்குடியில் உப்புக் காற்றுக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டது வேறு ஊரில் எழுத உட்காரும் அம்மாவுக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

"ராத்திரி எழுதிக்கொள்ளலாம்"

எனக்கு அதிகம் இழப்பு தந்தது இதுதான். காலையில் சின்னவன் ஏதாவது சொல்வான், சிரித்துவிட்டு அடுப்பைப் பார்ப்பேன். பாத்திரமெல்லாம் கழுவி, பள்ளிச் சீருடையை மடித்து, கதவைப் பூட்டிவிட்டு நோட்டைத் திறந்தால் 'இன்று ஏதோ அழகாகச் சொன்னான்' என்று மட்டும்தான் எழுத முடியும். அப்படிப்பட்ட வரிகள் என் முதல் மூன்று நோட்டுகளில் எத்தனையோ இருக்கின்றன. 'ஏதோ அழகாக' என்பதை இன்று படிக்கும்போது வயிறு பிசைகிறது.

இதற்கு நேர்மாறான தவறையும் செய்தேன். சொன்ன உடனே போனை எடுப்பது, "இன்னொரு தடவை சொல்லு, அம்மா எழுதிக்கிறேன்" என்று கேட்பது. இரண்டாவது தடவை சொல்கிற பிள்ளை பேசுவதில்லை, ஒப்பிக்கிறது. நாலு நாள் இப்படிக் கேட்டால், என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுகிறது. என் மகளுக்கு ஐந்து வயதில் அது நடந்தது. அதைச் சரி செய்ய எனக்குச் சில மாதங்கள் பிடித்தன.

கடைசியில் கைகொடுத்தது சமையலறைச் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டர். ஆணியில் நூல் கட்டி ஒரு பேனாவைத் தொங்கவிட்டிருக்கிறேன். பிள்ளை ஒன்றைச் சொன்னால் அவனோடு பேசி முடித்துவிட்டு, அன்றைய தாளின் ஓரத்தில் ஒரே ஒரு சொல். 'நூல் இட்லி' என்று மட்டும். குக்கரில் அடுத்த விசில் வருவதற்குள் அது முடிந்துவிடும். மறுநாள் காலை பள்ளி வேன் போன பிறகு தாளைக் கிழித்து, பின்பக்கம் நாலைந்து வரி எழுதுவேன்: இடியாப்பத்தைப் பார்த்துவிட்டு யாரிடம் சொன்னான், யார் சிரித்தது, அவன் ஏன் கோபித்துக்கொண்டான். அந்த ஒரு சொல் இருந்தால் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடுகிறது. தேதி, தமிழ் மாதம், நட்சத்திரம் எல்லாம் அதிலேயே அச்சாகி இருப்பது கூடுதல் வசதி. பின்பக்கம் வெறுமையாக இருக்கிற காலண்டராகப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

பேச்சைத் திருத்துவது

பறவை 'பயவை'யாக இருந்தால் 'பயவை' என்றே எழுதுங்கள். மரம் 'மயம்' என்றால் 'மயம்'. "நாளைக்கு நாம பீச்சுக்குப் போனோமே" என்று சொன்னால் அந்த 'நாளைக்கு'வை 'நேற்று' என்று மாற்றாதீர்கள். போனதும் வரப்போவதும் அந்தத் தலைக்குள் இன்னும் பிரியவில்லை என்பது அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. என் முதல் நோட்டில் இரண்டு வயதுக் குழந்தை பாடப்புத்தகம் மாதிரிப் பேசுகிறது. ர, ற, ழ எல்லாம் சுத்தமாக வருகிறது. என் மகளின் குரல் அதில் இல்லை.

பெரியவர்களின் பேச்சுக்கும் இதுதான். எங்கள் அத்தை, அதாவது பிள்ளைகளின் ஆச்சி, சொளவு என்றுதான் சொல்வார்கள். நான் 'முறம்' என்று எழுதிவைத்தேன். வாரியல் 'துடைப்பம்' ஆனது, "பைய போ" என்றது 'மெதுவாகப் போ' ஆனது. ஒருநாள் மகள் அதை வாசித்துவிட்டு, "ஆச்சி இப்படியெல்லாம் பேச மாட்டாங்களே" என்றாள். அன்றிலிருந்து வாயில் வந்தது வந்தபடி.

சமையல் குறிப்பிலும் அப்படியே கவனமாக இருக்க வேண்டும். 'ஒரு உழக்கு அரிசி' என்று எழுதும்போது அது எந்த உழக்கு என்பதையும் எழுதுங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, நாலு உழக்கு ஒரு படி. கணக்குப்படி ஆழாக்கு சுமார் 168 மில்லி. ஆனால் அத்தை கையில் இருப்பது விளிம்பு நெளிந்த பழைய பித்தளை உழக்கு. அதில் ஒருமுறை தண்ணீர் ஊற்றி, அளவுக் கோப்பையில் கொட்டி, வந்த அளவை எழுதி வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் அவர்களின் ஆப்பம் எனக்கு வந்தது.

விசேஷ நாட்கள் மட்டும்

பிறந்தநாள், பொங்கல், திருச்செந்தூர் போனது என்று மட்டும் எழுதினால் வருஷத்துக்குப் பத்து நாள்தான் வாழ்ந்த மாதிரி இருக்கும். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கவர்னர்கள் பேசியதும் போர்ச் செய்தியும் மட்டும் அதில் இல்லை. எந்தக் கப்பல் வந்தது, யார் வீட்டில் கல்யாணம், யாருக்கும் யாருக்கும் சண்டை என்று அன்றாடமும் இருக்கிறது. அவர் வீட்டிலேயே கிடந்த அந்தக் கையெழுத்துப் படியை 1846இல்தான் கண்டெடுத்தார்கள். அந்தக் காலத்துப் புதுச்சேரித் தெருவை இன்று நம்மால் கண்ணால் பார்க்கிற மாதிரி உணர முடிவது அந்தச் சின்ன விஷயங்களால்தான்.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியது. அந்த மாதங்களில் நான் பக்கம் பக்கமாக எழுதினேன். எடுத்துப் பார்த்தால் எல்லாம் செய்தி. எத்தனை பேருக்குத் தொற்று, எந்தக் கடை எத்தனை மணி வரை. அது எந்தப் பழைய பத்திரிகையிலும் கிடைக்கும். எங்கள் மொட்டை மாடியில் சின்னவன் சைக்கிள் பழகியது அந்த ஏப்ரலில்தான். அப்பா பின்னால் பிடித்துக்கொண்டு ஓட, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாட்டு நடப்பை எழுதக் கூடாது என்றில்லை. அது உங்கள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்த விதத்தை எழுதுங்கள். தக்காளி என்ன விலை, அதனால் அன்று ரசத்தில் எதைப் போட்டோம் என்று.

கோபத்தில் எழுதியதை அப்படியே விடுவது

கோபம் வந்தால் எழுதுங்கள். தாராளமாக, பல்லைக் கடித்துக்கொண்டு. ஆனால் தனித் தாளில். குடும்ப நோட்டில் சேர்ப்பதா என்பதை ஒரு வாரம் கழித்து முடிவு செய்யுங்கள். பிள்ளைகள் என்றாவது படிக்கப்போகிற நோட்டு அது. அவர்களின் அத்தையைப் பற்றியோ சித்தப்பாவைப் பற்றியோ ஒரு சாயங்காலத்து எரிச்சலில் நான் எழுதிய நாலு வரியை அவர்கள் காலத்துக்கும் சுமக்க வேண்டாம்.

அதற்காகக் கஷ்டத்தையே எழுதாமல் விடுவதும் சரியில்லை. பெரியவள் பிறந்த புதிதில் நான் அழுத நாட்கள் உண்டு. நோட்டில் 'பாப்பா நன்றாகப் பால் குடித்தாள்' என்று மட்டும் இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு சில நாட்கள் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உள்ளதுதான். இரண்டு வாரத்தைத் தாண்டியும் அது நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உண்மையாக எழுதி வைத்திருந்தால் எத்தனை நாள் ஆகிறது என்று எனக்கே தெரிந்திருக்கும். தேதி போட்டு எழுதுவதில் இப்படியும் ஒரு நன்மை இருக்கிறது.

பிள்ளையின் மானம்

படுக்கையை நனைத்தது, கணக்கில் வாங்கிய மார்க், மகள் பெரியவளானது. இவற்றை எழுதலாம், உறவுக்காரர்களுக்கு அனுப்பக் கூடாது. இந்தக் கோட்டை நான் ஒருமுறை தாண்டிவிட்டேன். மகள் பத்து வயதில் தோழியோடு போட்ட சண்டையையும் அதற்கு அவள் அழுததையும் ரசித்து எழுதி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அடுத்த கல்யாண வீட்டில் மூன்று பேர் அவளிடம் அதையே கேட்டார்கள். வீடு திரும்பும் வரை அவள் என்னோடு பேசவில்லை. நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது அவளைப் பற்றி எதை யாருக்குக் காட்டுவதாக இருந்தாலும் முதலில் அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். "இது வேண்டாம்மா" என்றால் வேண்டாம்தான், ஏன் என்று கேட்பதில்லை. ஆறேழு வயதிலிருந்தே பிள்ளைகளுக்கு இது நன்றாகவே தெரிகிறது.

படம் அனுப்பும்போது இன்னொன்றும் பாருங்கள். போனில் லொகேஷன் வசதி திறந்திருந்தால் எடுத்த இடமும் படத்துக்குள்ளேயே பதிவாகும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரம் போய்விடும், டாக்குமெண்டாக அனுப்பினால் கூடவே போகும். சீருடையில் பள்ளிப் பேர், வேன் எண், வீட்டு வாசல் ஆகியவை தெரிகிற படங்களை நான் அனுப்புவதே இல்லை.

தாளும் மையும்

2023 டிசம்பர் 17ஆம் தேதி பெய்த மழை எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் வீட்டில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர். கீழ்த்தட்டில் இருந்த நோட்டுகள் ஊறிவிட்டன. மைப்பேனாவில் எழுதியிருந்த பக்கங்கள் நீலக் கறையாகிப் போயின. பால்பாயின்ட் பேனாவிலும் பென்சிலிலும் எழுதியவை அப்படியே நின்றன. வெயிலில் காயப்போட்ட இரண்டு நோட்டுகள் முறுக்கிக்கொண்டன. பக்கங்களுக்கு நடுவே எதுவும் அச்சிடாத வெள்ளைத் தாள் வைத்து ஃபேன் காற்றில் உலர்த்தியவை பிழைத்தன. இப்போது எல்லாம் மேல் பரணில், மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கின்றன. இந்த ஊர் உப்புக் காற்றுக்குத் தகர பிஸ்கட் டப்பா தாங்காது.

கர்ப்பத்தில் எடுத்த ஸ்கேன் படத்தை ஆல்பத்தில் வைத்திருப்பவர்கள் இன்றே அதைப் போனில் படம் எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் அது வெப்பத்தில் அச்சாகும் தாள், பில் மங்குவது போலவே மங்கும். லேமினேட் செய்தால் பாதுகாப்பு என்று நினைத்து மகளுடையதைக் கடையில் கொடுத்தேன். அந்தச் சூட்டில் முழுத்தாளும் கறுத்துவிட்டது. கடைக்காரர் மேல் தப்பில்லை, அது என்ன தாள் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியவில்லை. மகனுடையது படமாகப் பத்திரமாக இருக்கிறது.

கம்ப்யூட்டரில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்தவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பித் தெரியும். அழிந்துவிட்டது என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. என் 2012ஆம் வருஷம் முழுவதும் அப்படித்தான் திரும்பி வந்தது.

தன்னை விட்டுவிடுவது

படம் எடுப்பவள் படத்தில் இருப்பதில்லை. எழுதுபவளும் அப்படியே காணாமல் போகிறாள். என் நோட்டுகளில் எல்லோரும் சாப்பிடுகிறார்கள், நான் பரிமாறுகிறேன். எல்லோருக்கும் காய்ச்சல் வருகிறது, எனக்கு வந்ததாக ஒரு வரியும் இல்லை.

19ஆம் நூற்றாண்டு வங்காளத்தில் ராசசுந்தரி தேவி என்று ஒரு அம்மா இருந்தார். பெண் படித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்பிய காலம். ஒரு புத்தகத்தின் தாளைச் சமையலறையில் ஒளித்து வைத்து, மகன் எழுதிப் பழகிய பனையோலையோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, யாருக்கும் தெரியாமல் வாசிக்கக் கற்றுக்கொண்டார். பன்னிரண்டு பிள்ளைகள் பெற்றவர். பிற்பாடு அவர் எழுதிய சொந்தக் கதைதான் வங்காளியில் வெளிவந்த முதல் தன்வரலாறு. அதன் பேர் 'ஆமார் ஜீபன்', அதாவது என் வாழ்க்கை. வீட்டு வேலைக்கு நடுவில் சாப்பாடு தவறிப்போன நாட்களையும் அவர் அதில் எழுதியிருக்கிறார்.

அதைத் தெரிந்துகொண்ட பிறகு காலண்டர் தாளில் என்னைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கிறேன். கால் வலித்தது, கடலைப் பார்க்கப் போனேன், தங்கச்சியோடு போனில் ஒரு மணி நேரம் பேசினேன் என்று. போன ஞாயிற்றுக்கிழமைத் தாளில் இப்படி இருக்கிறது: 'இன்று காலை நான் முதலில் சாப்பிட்டேன். பெரியவள் தோசை சுட்டாள். மூன்று. மூன்றும் சூடு.'