பழைய அவுட்போர்டு மோட்டாரில் கியர் விழவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன், நியூட்ரல், பின் என்ற மூன்று நிலைகளோடு ஜான்சன் நிறுவனம் 1949இல் விற்பனைக்குக் கொண்டுவந்த, படகின் பின்பக்கம் மாட்டும் 10 குதிரைத்திறன் மோட்டாரும், அதைத் தொடர்ந்து ஜான்சன், எவின்ரூட் பெயர்களில் வந்த மோட்டார்களும் அமெரிக்க ஏரிகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் கியர் அமைப்பு எளிமையானது. எஞ்சினிலிருந்து கீழிறங்கும் தண்டின் முனையிலுள்ள சிறு பற்சக்கரம், இரண்டு பெரிய பற்சக்கரங்களை எதிரெதிர்த் திசைகளில் எப்போதும் சுழற்றிக்கொண்டிருக்கும். அவ்விரண்டுக்கும் நடுவே, நீரைத் தள்ளும் விசிறியின் தண்டின் மீது நகரும் கிளட்ச் வளையம் எந்தப் பக்கம் போய்க் கோத்துக்கொள்கிறதோ, அந்தத் திசையில் படகு நகரும்.

எஞ்சின் உறுமியும் படகு நகராவிட்டால், கியர் உடைந்துவிட்டது என்று உடனே கியர்பெட்டியைக் கழற்றுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. சிறிய மோட்டார்களில் பெரும்பாலும் விசிறியைத் தண்டோடு பிணைக்கும் ஷியர் பின் முறிந்திருக்கும். சற்றுப் பெரியவற்றில் விசிறியின் நடுவிலுள்ள ரப்பர் புஷ் பிடி விட்டு வழுக்கும். உள்குழலின் விளிம்பிலிருந்து விசிறியின் உடல்வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து, சுமையோடு ஓட்டிவிட்டு வந்து பாருங்கள்: கோடு இரண்டாக விலகியிருந்தால் குற்றம் கியர்மேல் இல்லை. முறிந்த பின்னுக்குப் பதிலாகக் கையில் கிடைத்த எஃகு ஆணியைச் செருகுவது அதைவிட மோசம். பாறையில் மோதும்போது முறிய வேண்டியது அந்த ஷியர் பின்தான். அது முறியாவிட்டால் அடி பற்சக்கரங்களுக்குப் போகும்.

எஞ்சின் நின்றிருக்கும்போது ரிவர்ஸ் விழவில்லை என்று நெம்புகோலை இரு கைகளாலும் அழுத்தக் கூடாது. கிளட்ச் வளையத்தின் பற்கள் எதிர்ப்பற்களின் தலையில் முட்டி நிற்கும்போது கியர் விழாது. வலிந்து தள்ளினால் கியரை மாற்றும் ஷிஃப்ட் கம்பிதான் வளையும். ஸ்பார்க் பிளக் ஒயர்களைக் கழற்றிவிட்டு, ஒருவர் விசிறியைக் கையால் மெல்லச் சுற்ற, மற்றவர் நெம்புகோலை நகர்த்தினால் வளையம் தானே உள்ளே விழும். ரிமோட் கேபிள் உள்ள படகென்றால், மோட்டார் முனையில் அதைக் கழற்றிவிட்டுக் கையால் கியர் போட்டுப் பாருங்கள். அப்போது இலகுவாக விழுந்தால், துருப்பிடித்த கேபிளை மாற்றினால் போதும்.

மென்மையாகக் கியர் போடுவது மோட்டாருக்கு நல்லது என்ற நம்பிக்கைதான் இந்த மோட்டார்களை அதிகம் கெடுத்திருக்கிறது என்பேன். மெதுவாகத் தள்ளும்போது சுழலும் பற்கள் கடகடவென்று ஒன்றோடொன்று உரசி, அவற்றின் கூர்மையான முனைகள் மழுங்குகின்றன. மழுங்கிய பற்கள் சுமை ஏறியதும் நழுவி வெளியே குதிக்கும். அந்த நிலையில் இணைப்புக் கம்பியை எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை. ஐடில் வேகத்தில், அதாவது எஞ்சின் மிகக் குறைவாக ஓடும் நிலையில் வைத்து, ஒரே வீச்சில் சட்டென்று போட வேண்டும். ஐடில் வேகத்தையும், மோட்டார் தண்ணீரில் நின்று கியரில் இருக்கும்போது சரிசெய்வதே முறை.

கியர் ஆயிலை மாற்றும்போது நேரும் ஒரு தவறு தனியே சொல்லத் தக்கது. பல ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களின் கீழ்ப்பெட்டியில், நேர்காடி கொண்ட பெரிய வடிகால் திருகுக்கு அருகே ஸ்டார் (பிலிப்ஸ்) தலையுள்ள வேறொரு திருகு இருக்கும். ஆயில் வடிக்க அதைக் கழற்றினீர்களானால், உள்ளே கிளட்ச் வளையத்தை நகர்த்தும் ஷிஃப்ட் தொட்டிலைத் தாங்கும் அச்சு வெளியே வந்து, தொட்டில் சரிந்துவிடும். அதுவரை ஒழுங்காக இருந்த கியர் அன்றோடு விழாது, பெரும்பாலும் பெட்டியைப் பிரிக்கத்தான் வேண்டியிருக்கும். சரியான திருகைக் கழற்றியதும் வடிவது பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். புதிய ஆயிலைக் கீழ்த் துளை வழியாகவே ஏற்றி, மேல் துளையில் வழியும்வரை நிரப்ப வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று அடைபட்டுக்கொள்ளும்.

1960களில் வந்த, மின்சாரத்தால் கியர் மாற்றும் மின் ஷிஃப்ட் மோட்டார்களுக்கு இந்த ஆயில் விதியே வேறு: வழக்கமான கெட்டியான கியர் ஆயிலை ஊற்றினால் அவை சரியாக இயங்கா, டைப் சி எனப்படும் மெல்லிய வகையையே கேட்கும். தொடக்கக்கால மின் ஷிஃப்டில் மின்சாரம் நின்றால் கியர் நியூட்ரலுக்கு வரும். அந்தப் பத்தாண்டின் இறுதியில் வந்த ஹைட்ரோ எலெக்ட்ரிக் வகையில் அப்படியில்லை. அதில் மின்சாரம் இல்லாத நிலை என்றால் முன்கியர். ஆகவே நியூட்ரலுக்கு மின்சாரம் தரும் பச்சை ஒயர் அறுந்திருந்தால், நெம்புகோல் நியூட்ரலில் நிற்க, படகு முன்னே பாயும். சோதனைக்காக எஞ்சினை முடுக்கும் முன் படகைத் துறையோடு இறுகக் கட்டிவிடுங்கள்.