கொங்கு வீட்டு விருந்துக்கு சீஸ் போர்டு: முதல் தடவை ஆர்டர் செய்கிறவர்களுக்கு

போன சித்திரையில் மாமா மகன் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தான். சாயங்காலம் 20 பேர் கூடுகிற விருந்து. புதிதாக ஏதாவது வைக்கலாமென்று கோயமுத்தூரில் ஒரு கடையில் சீஸ் போர்டு சொல்லியிருந்தேன். மத்தியானம் 12 மணிக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். அந்த அகலப் பலகை எங்கள் ஃப்ரிட்ஜுக்குள் நுழையவில்லை. ஏழு மணிக்கு மேல்துணியை எடுத்தால் கௌடா சீஸ் எண்ணெய் விட்டு மினுங்குகிறது, பிரீ என்ற மென்மையான சீஸ் பலகையை விட்டு ஒழுகுகிறது, சலாமி என்ற பதப்படுத்திய இறைச்சித் துண்டு ஓரமெல்லாம் சுருண்டு கிடக்கிறது. அத்தனையும் வீண். அதற்குப் பிறகு நான்கைந்து விருந்துகளுக்கு ஆர்டர் செய்து, சரியாக வந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சீஸ் போர்டு என்பது மூன்று நான்கு வகை சீஸை ஒரு மரப்பலகையில் வைத்து, பக்கத்தில் பிஸ்கட், ரொட்டி, பழம், முந்திரி பாதாம் போன்ற பருப்பு, தேன் அடுக்குவது. அதோடு உப்பிட்டும் புகைபோட்டும் பதப்படுத்திய இறைச்சித் துண்டுகள் சேர்ந்தால் ஷார்க்யூட்டரி போர்டு. பெயர்தான் பிரெஞ்சு, சங்கதி நமக்குப் புதிதல்ல. ஆட்டுக்கறியில் உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி, நூலில் கோத்து வெயிலில் காயவைக்கும் நம்ம ஊர் உப்புக்கண்டமும் அதே யோசனைதான்: உப்பைப் போட்டு ஈரத்தை இழுத்துவிட்டால் கறி கெடாது.

படி 1: ஆட்களை எண்ணுங்கள்

எந்த சீஸ் என்பது பிறகு. யார் யார் வருகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். சைவம் யார், கறி சாப்பிடுகிறவர்களில் மாட்டிறைச்சி தொடாதவர் யார், பன்றி தொடாதவர் யார், ஹலால் பார்க்கிறவர் யார், கர்ப்பிணிப் பெண் இருக்கிறாரா, பருப்பு வகை ஒத்துக்கொள்ளாத குழந்தை உண்டா. நம் பக்கம் ஒரே வீட்டுக்குள்ளேயே இத்தனையும் இருக்கும். விருந்து நாள் புரட்டாசிச் சனியா, அமாவாசையா என்று நாட்காட்டியையும் பார்த்துவிடுங்கள். அன்றைக்கென்றால் இறைச்சி வேண்டாம், சீஸ் மட்டும் போதும்.

கர்ப்பிணிகளுக்கு பிரீ, கமெம்பேர் போன்ற மென்மையான சீஸும், சூடாக்காத பதப்படுத்திய இறைச்சியும் வேண்டாம். லிஸ்டீரியா என்ற கிருமி இவற்றில் வரக்கூடும். நன்றாக முற்றிய செடார் போன்ற கெட்டி சீஸை அவர்களுக்குத் தனித் தட்டில் வையுங்கள்.

படி 2: அளவு

பின்னால் முழுச் சாப்பாடு இருக்கிறது என்றால் ஆளுக்கு 50 கிராம் சீஸ் தாராளம். அதுவே இரவுச் சாப்பாடு என்றால் 120 கிராமுக்குக் குறைக்காதீர்கள். பின்னால் சாப்பாடு இருக்கிற விருந்தென்றால் 20 பேருக்கு 1 கிலோ. நான் பிரிப்பது இப்படி: எல்லோருக்கும் பிடிக்கிற கௌடா 300 கிராம், முற்றிய செடார் 300, மென்மையான பிரீ 300, நீலப் பூசண சீஸ் 100 மட்டும். நீல சீஸின் வாடை முதல் தடவை பலருக்கு ஆகாது, ஆனால் பிடித்தவர்கள் தேடித் தேடி எடுப்பார்கள். இறைச்சி, கறி சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் தலைக்கு 40 கிராம்.

படி 3: கடைக்கு போன்

வாட்ஸ்அப்பில் படத்தைப் பார்த்து ஓகே சொல்லிவிடாதீர்கள், பேசுங்கள். முதல் கேள்வி ரென்னட் பற்றி. பாலைத் திரட்டிக் கட்டியாக்கும் நொதி அது. பழைய முறையில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பார்கள். இத்தாலியின் அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ இன்றும் அப்படித்தான் செய்யப்படுகிறது. பாலில் செய்தது சைவம்தானே என்று நம்பி ஒரு சைவக்காரருக்குக் கொடுத்துவிட்டு, பின்னால் அவருக்குத் தெரிந்தால் எவ்வளவு சங்கடம்! இன்று நுண்ணுயிர் ரென்னட்டில் செய்த சீஸ் நிறையக் கிடைக்கிறது. கடைக்காரரிடம் பாக்கெட்டின் படத்தை அனுப்பச் சொல்லி, பச்சை வட்டம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

அடுத்து, “ஏனுங்க, இதுல எது கோழி, எது பன்றி, எது மாடு, ஒவ்வொன்னா சொல்லுங்க” என்று கேளுங்கள். சலாமி, பெப்பரோனி என்ற பெயர்களை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஹாம் பன்றித் தொடை, ப்ரெசோலா மாட்டிறைச்சி. கோழி சலாமியும் புகைபோட்ட கோழியும் நம் விருந்துகளில் நன்றாகப் போகிறது.

சைவப் பலகையும் அசைவப் பலகையும் தனித்தனியாக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஒரே பலகையில் ஓரமாகப் பிரித்து வைக்கிறோம் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். கத்தியும் கரண்டியும் மாறிவிடும். தட்டுக்கு முன்னால் பெரியவர்கள் தயங்கி நிற்பதைப் பார்த்த பிறகு, கூடுதல் பலகைக்குக் கொடுக்கும் காசு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மலை சீஸ் வேண்டுமென்றால் குன்னூரிலும் கொடைக்கானலிலும் செய்கிறார்கள். ஒரு வாரம் முன்னாலேயே சொல்லி, ஐஸ் பேக் வைத்து தெர்மோகோல் பெட்டியில் அனுப்பக் கேளுங்கள்.

படி 4: நேரம்

நான் கோட்டை விட்டது இங்கேதான். விருந்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்தால் போதும். பலகையின் நீள அகலத்தைக் கேட்டு ஃப்ரிட்ஜ் தட்டை அளந்துகொள்ளுங்கள், நுழையாதென்றால் இரண்டு சின்னப் பலகையாகக் கேளுங்கள். குளிர்நாட்டுக் குறிப்புகளில் சீஸை ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுக்கச் சொல்லியிருப்பார்கள். குளிர் விட்டால்தான் மணமும் சுவையும் தெரியும், அது உண்மை. ஆனால் ஈரோட்டு வெயிலில் 20 நிமிடம் போதும். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் எதையும் வெளியே வைக்காதீர்கள். பாதியை ஃப்ரிட்ஜிலேயே வைத்து, தீரத்தீர எடுத்து வையுங்கள்.

படி 5: பக்கத்தில் நம்முடையதை வையுங்கள்

கடையில் தரும் திராட்சையும் அத்திப்பழமும் இருக்கட்டும். உப்புச் சீஸுக்கு இனிப்பு துணை வேண்டும். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையைக் காய்ச்சிய பாகு முற்றிய செடாரோடு அவ்வளவு பொருத்தம்! நீல சீஸுக்கு மலைத்தேன், பிரீக்குக் கொய்யாத் துண்டு. பிஸ்கட்டுக்குப் பதில் ஊட்டி வர்க்கி, ரொட்டிக்குப் பக்கத்தில் ஊத்துக்குளி வெண்ணெய். அசைவப் பலகையில் உப்புக்கண்டத்தைக் கடலை எண்ணெயில் வறுத்து, சின்னதாக நறுக்கி வையுங்கள். எங்கள் வீட்டில் சலாமி மிஞ்சியது, இது மிஞ்சவில்லை.

ஒவ்வொன்றுக்கும் முன்னால் தமிழில் பெயர்ச்சீட்டு எழுதி வையுங்கள். பிரீயின் வெள்ளைத் தோலைப் பார்த்து எங்கள் அம்முச்சி (அம்மாவின் அம்மா), “ஏன் கண்ணு, பூசணம் புடிச்சதக் கொண்டாந்து வெச்சிருக்கற?” என்று கேட்டார்கள். அது சாப்பிடுகிற தோல்தான். கௌடாவின் சிவப்பு, மஞ்சள் மெழுகை மட்டும் உரித்துவிட வேண்டும்.

ஃப்ரிட்ஜில் வைத்திருந்த மீதியை பட்டர் பேப்பரில் சுற்றி வையுங்கள், நீல சீஸைத் தனியாக. கெட்டி சீஸைத் துருவிக் காலைத் தோசைமேல் தூவலாம். வெட்டிய இறைச்சியை மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். பலகை கடைக்காரருடையது என்றால் தண்ணீரில் ஊறப்போடாமல் துடைத்துக் கழுவி, நிழலில் காயவைத்து மறுநாளே கொடுத்துவிடுங்கள். வெறும் பலகையாக அனுப்ப அம்முச்சி விடவில்லை. மேலே இரண்டு தேங்காயும் ஒரு சீப்புப் பழமும் வைத்துத்தான் அனுப்பினார்கள்.