ஈபிகியூ தொடங்குகிறீர்களா? முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

இங்கிலாந்தில் சிக்ஸ்த் ஃபார்ம் (பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகள்) மாணவர்கள் ஏ லெவல் தேர்வுப் பாடங்களோடு சேர்த்து எடுக்கும் தனி ஆய்வுதான் ஈபிகியூ (எக்ஸ்டெண்டட் ப்ராஜெக்ட் குவாலிஃபிகேஷன்). அரை ஏ லெவலுக்குச் சமம். உச்சத் தரமான ஏ ஸ்டார் வாங்கினால், பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு உதவும் யூகாஸ் புள்ளிகள் 28. பெரும்பாலானோர் சுமார் 5000 சொற்களில் அறிக்கை எழுதுவார்கள். கூடவே ஒரு பதிவேடும், முடிவில் ஒரு சிறு உரையும் உண்டு.

படி 1: கேள்வி

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. "லண்டன் காற்று மாசு" என்று எடுத்துக்கொண்டால் 5000 சொற்களில் அறிமுகம்கூட முடியாது. இடத்தையும் காலத்தையும் அளவையும் குறுக்குங்கள். மத்திய லண்டனை ஒரு மண்டலமாக வகுத்து, அதிகம் மாசு கக்கும் வாகனங்கள் உள்ளே வந்தால் வசூலிக்கும் யூலெஸ் கட்டணம் 2019 ஏப்ரல் 8-இல் வந்தது. "அதன்பின் சாலையோர நைட்ரஜன் டை ஆக்சைடு எவ்வளவு குறைந்தது, அதில் யூலெஸின் பங்கு என்ன?" இதற்கு விடை தேட முடியும். கண்காணிப்பு நிலையங்களின் அளவீடுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

சரி, அளவீடுகளை எடுத்துப் பார்க்கிறீர்கள். 2020-இல் மாசு சட்டென்று இறங்குகிறது. யூலெஸின் வெற்றி என்று எழுதிவிடாதீர்கள். மார்ச் 23 அன்று ஊரடங்கு அறிவித்தார்கள், சாலைகள் வெறிச்சோடின. அதனால் ஊரடங்குக்கு முந்தைய மாதங்களை மட்டும், முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட வேண்டும். மண்டலத்துக்கு வெளியே உள்ள ஒரு நிலையத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் காரணம் காற்றோ மழையோகூட இருக்கலாம். என்னைக் கேட்டால், ஆய்வு உண்மையில் தொடங்குவதே இந்த இடத்தில்தான்.

ஒரு எச்சரிக்கை: உங்கள் ஏ லெவல் பாடத்திட்டத்தில் ஏற்கெனவே உள்ளதையே திரும்ப எழுத அனுமதி இல்லை. கேள்வியை ஆசிரியரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே மேலே போங்கள்.

படி 2: பதிவேடு

முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். ஏகியூஏ தேர்வு வாரியத்தில் மொத்தம் 50 மதிப்பெண்: திட்டமிட்டு நடத்தியதற்கு 10, தகவல் மூலங்களைக் கையாண்டதற்கு 10, செய்து முடித்ததற்கு 20, திரும்பிப் பார்த்து எடைபோட்டதற்கு 10. அறிக்கை எவ்வளவு அழகாக இருந்தாலும், பதிவேடு வெறுமையாக இருந்தால் மதிப்பெண் நழுவும். "இன்று மூன்று கட்டுரை படித்தேன்" என்பது போதாது. "ஊரடங்கு குறுக்கிடுவதைக் கண்டேன், அதனால் காலத்தைச் சுருக்கினேன்" என்று முடிவையும் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். மனம் மாறியதை மறைக்க வேண்டாம், அதற்கும் மதிப்பு உண்டு.

படி 3: வாசிப்பு

கூகுள் ஸ்காலரில் தேடுங்கள். ஒவ்வொரு மூலத்துக்கும் இரண்டு வரி போதும்: யார் எழுதியது, அவருக்கு இதில் என்ன அக்கறை. மேற்கோள் விவரத்தை அப்போதே குறித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் தேடுவது பெரும் பாடு.

படி 4: எழுத்தும் உரையும்

முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் விண்ணப்பங்களுக்கு அக்டோபர் 15 கெடு என்பதால், 12-ஆம் ஆண்டுக் (சிக்ஸ்த் ஃபார்மின் முதல் ஆண்டு) கோடைக்குள் முதல் வரைவு தயாராக இருந்தால் யூகாஸ் விண்ணப்பத்தில் இதைப் பற்றி நிறைவாக எழுதலாம்.

உரையைக் கேட்பவர்கள் அந்தத் துறையில் வல்லுநர்கள் அல்ல. அதனால் வீட்டில் ஒருவரை உட்காரவைத்துப் பேசிப் பாருங்கள். அவர் "அது எப்படித் தெரியும்?" என்று கேட்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அப்புறம் அந்தப் பகுதிகளைத் திருத்துங்கள்.