அமலை வேர் சுற்றினாலும் சமாளிக்கும் நீர்மூழ்கி ரோபோ

திருநெல்வேலியில் தாமிரபரணி ஆற்றின் குறுக்குத்துறைப் படித்துறையில் எங்கள் ரோபோவை முதன்முதலில் இறக்கியபோது, பத்து நிமிடத்தில் வட்டமடிக்க ஆரம்பித்துவிட்டது. கயிற்றை இழுத்துத் தூக்கினால், முன் இடது விசிறியில் விரல் கனத்துக்கு அமலைச்செடி (ஆகாயத்தாமரை) வேர். தண்ணீருக்குள் வைஃபை எட்டாது. அதனால் கோளாறை ரோபோவே கண்டுபிடித்து, அதுவே சமாளிக்க வேண்டும்.

நான்கு மூலையிலும் 45 டிகிரி திருப்பி வைத்த மோட்டார்கள், ரோபோவின் மூளையாக ஒரு ஈஎஸ்பி32 சிப், மோட்டாருக்கு ஒரு டிரைவர் (அது சொல்வதற்கேற்ப மோட்டாருக்கு மின்சாரம் தரும் பலகை) இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: பேட்டரியிலிருந்து ஒவ்வொரு டிரைவருக்கும் போகும் பாசிட்டிவ் வயரில் மின்னோட்டத்தையும் வோல்டேஜையும் அளக்கும் ஐஎன்ஏ219 சென்சார் ஒன்றைச் சேருங்கள். 3.2 ஆம்பியர் வரை அளக்கும். எந்த சென்சார் எது என்று ஈஎஸ்பி32 அதன் முகவரி எண்ணை வைத்துத்தான் அறியும்; ஆனால் நான்கும் ஒரே முகவரியோடுதான் வரும். சென்சார் பலகையில் உள்ள ஏ0, ஏ1 புள்ளிகளில் ஈயம் வைத்து முகவரியை மாற்றுங்கள்.

படி 2: இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். தன் நல்ல நிலை தெரியாத ரோபோவுக்குக் கோளாறும் தெரியாது. வீட்டுத் தொட்டியில் அமிழ்த்தி, ஒவ்வொரு மோட்டாரையும் 25, 50, 75, 100 சதவீத வேகத்தில் ஓட்டி மின்னோட்டத்தைக் குறியுங்கள். வோல்டேஜையும் சேர்த்துக் குறியுங்கள். பேட்டரி இறங்கினாலே மின்னோட்டம் குறையும். அதைக் கோளாறு என்று ரோபோ நினைத்துவிடக் கூடாது.

படி 3: ஓடும்போது அளவை இந்தப் பட்டியலோடு ஒப்பிடச் சொல்லுங்கள். கூடினால் ஏதோ சுற்றியிருக்கிறது. குறைந்தால் இறக்கை உடைந்திருக்கலாம். சுழியம் என்றால் வயர் போயிற்று. மோட்டார் கிளம்பும்போது மின்னோட்டம் எகிறும் என்பதால், வித்தியாசம் 2 விநாடி நீடித்தால் மட்டும் நம்பலாம்.

படி 4: சுற்றியிருந்தால் முதலில் மோட்டாரைத் திருப்பி ஓட்டிப் பாருங்கள், வேர் பெரும்பாலும் அவிழ்ந்துவிடும். சரியாகவில்லையா? அந்த மோட்டாரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். முன் இடது போனால், நேராகப் போக முன் வலதையும் நிறுத்திவிட்டு, பின்னால் இருக்கும் இரண்டுக்கும் இரு மடங்கு விசை கொடுக்க வேண்டும். திரும்புவதற்கு முன் வலதும் பின் இடதும் ஒன்றுக்கொன்று எதிராக ஓடினால் போதும். பக்கவாட்டில் நகர வலப்பக்க இரண்டும் எதிரெதிராக. மூன்று மோட்டாரிலேயே இந்த மூன்று அசைவும் கிடைக்கிறது. உச்ச விசைதான் பாதியாகும்.

படி 5: பழைய விசிறி ஒன்றில் ஓர் இறக்கையைக் கட்டிங் பிளேயரால் நறுக்கி மாட்டி, தொட்டியிலேயே சோதியுங்கள். அப்புறம் ஆறு. மேலே தெர்மோகோல் கொஞ்சம் கூடுதலாகவே கட்டுங்கள். இரண்டு மோட்டார் போனால் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி நிரல் எழுதுங்கள். தானாக மிதந்து மேலே வந்துவிடும்.