விற்க வைத்த வீட்டில் விடாத ஈரக்கறை

தர்மபுரி குமாரசாமிப்பேட்டையில் பழைய வீடு ஒன்றை வாங்கிப் புதுப்பித்து விற்கும் வேலை. ஆட்கள் பார்க்க வரும் நேரத்தில் படுக்கையறைச் சுவரில் பெயின்ட் உப்பி, வெள்ளைப் பொடியாக உதிர ஆரம்பித்தது. அதைக் காட்டியே விலையைக் குறைத்துக் கேட்டார்கள்.

ஈரம் தாங்கும் ப்ரைமர் அடித்தும் மறுபடி உப்பியது. வெளிச்சுவரைப் பூசினோம், மழையே இல்லாத மாசியிலும் கறை வளர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம். பிளம்பர் பிரஷர் கொடுத்துப் பார்த்துவிட்டு, தண்ணீர் வரும் குழாயில் கசிவில்லை என்றார். அது உண்மைதான்.

கறை தரையிலிருந்து தொடங்கவில்லை, சுவரின் அடியில் பட்டையாக ஒட்டும் ஸ்கர்ட்டிங் டைலுக்கு மேலேதான் தொடங்கியது. அதனால்தான் எல்லோரும் மேலேயே தேடினோம். ஈரம் கீழிருந்துதான் ஏறியிருக்கிறது; டைல் அதை மறைத்துவிட்டது.

ஒரு ஸ்கர்ட்டிங் டைலைப் பெயர்த்துவிட்டு, பாத்ரூம் தரைத் துவாரத்தில் சொட்டு நீலம் கலந்த தண்ணீரை ஊற்றினேன். மறுநாள் டைல் இருந்த இடத்துக் கலவையில் நீலம் தெரிந்தது. அப்புறம் துவாரத்தைச் சுற்றி உடைத்தோம். துவாரத்துக்கு அடியில் இருக்கும் கிண்ணம் போன்ற நஹானி ட்ராப்பும் கழிவுநீர் போகும் பிவிசி குழாயும் சேரும் இடத்தில், பிவிசியை ஒட்டும் பசையான சால்வென்ட் இல்லை, வெறும் சிமென்ட்டை அப்பியிருந்தார்கள்!

புது ட்ராப், சால்வென்ட், அதன்மேல் வாட்டர்ப்ரூஃப் பூச்சு. படுக்கையறைச் சுவரைச் செங்கல் தெரியும்வரை சுரண்டிக் காயவிட்டோம். ஈரம் போய்விட்டதா என்று பார்க்க, சுவரில் பாலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினேன். உள்பக்கம் நீர் கோக்காமல் நின்ற பிறகுதான் மறுபடி பூசிப் புட்டி வைக்க விட்டேன். பெயின்டர் அவசரப்பட்டார். சரி, அவர் கவலை அவருக்கு.